பன்னிரண்டு வோல்ட் என்று யார் சொன்னது

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ், பெட்டி பிரிக்காத புதுப் பேட்டரியைக்கூட மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. வாங்க வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நெளிவார்கள். "புதுசுதானக்கா" என்பார்கள்.

"புதுசுன்னு பெட்டி சொல்லுது. பேட்டரி என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்" என்பாள் பிர்தௌஸ்.

கடையில் மட்டும் என்றில்லை. வீட்டில் பால்காரர் பால் ஊற்றிவிட்டுப் போனதும் ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கணவர் உமர் பாருக்குக்கு ஏலக்காய் வியாபாரம். குமுளியிலிருந்து "கிளம்பிட்டேன்" என்று போன் செய்தால், பின்னால் பஸ் இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொள்வாள். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல ஒரு தடவையாச்சும் ஒங்கிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "இதுவரைக்கும் மாட்டல" என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், ஐந்தாறு ஆண்டுகளாகக் கடைக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஏஜென்டை நம்பி, நாற்பது ஆம்பியர் என்று லேபிள் ஒட்டிய லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கினாள். கம்பம் ஊரில் தையல் வேலை செய்யும் நாத்தனார் நசீமாவின் வீட்டில், கரண்ட் போகும்போது மெஷினும் லைட்டும் ஓடட்டும் என்று தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தாள். நான்காம் மாதம் ஒரு மத்தியானம் அது தீப்பிடித்தது. தையல் மேஜை, கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த இரண்டு ரவிக்கை, நசீமாவின் இடது கையில் முழங்கைவரை தோல். எரிந்து கிடந்ததைப் பிர்தௌஸ் உடைத்துப் பார்த்தபோது உள்ளே பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்கள் இருந்தன. எடை சரியாக வரவேண்டும் என்று ஒரு மூலையில் சிமெண்டைக் குழைத்து ஊற்றியிருந்தார்கள்.

ஏஜென்ட் அதன்பிறகு போனை எடுக்கவேயில்லை. நசீமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றைக்கும் பெருநாளைக்கு வந்தால் இடது கையை மட்டும் முழுக்கை வைத்துத் தைத்த உடுப்பில்தான் வருவாள். அந்தக் கையைப் பார்க்கிறபோதெல்லாம், அன்றைக்குப் பேட்டரியை மாட்டுவதற்குமுன் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே என்று பிர்தௌஸுக்குத் தோன்றும்.

இப்படிப்பட்டவளிடம்தான் தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஜெபமணி போன ஆடி மாதம் வந்தார். மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்குவது கூடிப்போயிருந்தது. இருபது விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். அங்கே போனில் டவர் எடுக்காது. அதனால் ஆறு வாக்கி டாக்கி வாங்கியிருந்தார்கள். ஒரு தோட்டத்தில் யானை தென்பட்டால் அடுத்த தோட்டத்துக்குச் சொல்ல, வனக்காவலரைக் கூப்பிட, தனியாகக் காவலுக்குப் படுத்திருப்பவன் உயிரோடு எழுந்து வர.

"சார்ஜ் போடத்தான் வழியில்லம்மா. அங்கன கரண்டு மூணு மணி நேரம் வந்தா பெரிசு. நீங்க ஒரு சோலார் செட்டப் பண்ணிக் குடுங்க" என்றார் ஜெபமணி.

"இந்த செட்டுக்கு லைசென்ஸ் வேணுமே."

"இது சின்னப் பவரு. லைசென்ஸ் வேணாத வகை."

"யாரு சொன்னது?"

"கடைக்காரரு சொன்னாரு."

பிர்தௌஸ் சிரிக்கவில்லை. பில்லையும் செட்டோடு வந்த பேப்பரையும் கொண்டுவரச் சொல்லி, அலைவரிசை எண்ணைத் தானே சரிபார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டபிறகுதான் வேலையை ஒப்புக்கொண்டாள். நூறு வாட் பேனல், பன்னிரண்டு வோல்ட் லித்தியம் பேட்டரி, நடுவில் ஏறுகிற சார்ஜை அளவோடு விட ஒரு கண்ட்ரோலர், இரண்டு பியூஸ், வாக்கி டாக்கிகளை நிறுத்தி வைக்க ஆறு சார்ஜர் ஸ்டாண்ட். பேட்டரியைத் திறந்து பார்த்து, ஒரு முழு நாள் லோடு கொடுத்து இறக்கி, மறுபடி ஏற்றி, லேபிளில் போட்டிருப்பது உண்மைதான் என்று தெரிந்தபின் கடை ஸ்டிக்கரை ஒட்டினாள்.

சோலார் செட்டப்பை வைக்க எல்லோரும் தேர்ந்தெடுத்த இடம் ஒச்சாண்டியின் தோட்டம். மேடான இடம், நாள் முழுக்க வெயில் விழும், ஓடு வேய்ந்த மோட்டார் ரூம் ஒன்று இருந்தது. ஒச்சாண்டிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். பிர்தௌஸ் வேலை செய்துகொண்டிருந்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளுடைய ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனல்ல வெயில் பட்டா இருபது, இருபத்தொண்ணு வோல்ட்டு வரும்ணே. இந்த சார்ஜர் ஸ்டாண்டு பன்னெண்டு பதினாலுதான் தாங்கும். பேட்டரி இருக்கிறதாலதான் அந்த வேகம் அடங்கி நிக்கிது. மாட்டும்போது மொதல்ல பேட்டரி, அப்பறந்தான் பேனல். அட்டையில எழுதித் தொங்க விட்ருக்கேன்."

ஒச்சாண்டி தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று பிர்தௌஸுக்குச் சந்தேகம்தான். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணில் பட்டு உறுத்தியது வேறொன்று. தோட்டத்தின் மேற்குக் கரையில் கல்லுக்கால் நட்டு, இடுப்புயரத்தில் ஒற்றைக் கம்பி ஓடியது. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பீங்கான் குமிழ். வெறும் வேலிக்கு எதற்குப் பீங்கான்? கம்பியில் மின்சாரம் விடுபவன்தான் பீங்கான் வைப்பான். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மனதில் மட்டும் போட்டு வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஜெபமணி ஒரு பையோடு கடைக்கு வந்தார். மேஜையில் கொட்டினார். நான்கு சார்ஜர் ஸ்டாண்ட் கருகியிருந்தது. ஒரு வாக்கி டாக்கியின் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பிர்தௌஸ் அதை விரலால்கூட அழுத்தவில்லை. குறட்டால் பிடித்து, வாசலில் இருந்த மண் சட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"நீங்க குடுத்த கண்ட்ரோலர் மட்டமான சாமான்னு குழுவுல பேசிக்கிறாகம்மா" என்றார் ஜெபமணி, தயங்கித் தயங்கி.

"பேசட்டும். போன்ல போட்டோ எடுத்துட்டு வந்தீகளா?"

அவர் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ட்ரோலரில் பேட்டரி ஒயர் போகும் திருகுகள் இரண்டும் புதுக்காசு மாதிரி மின்னின. மற்ற திருகுகளில் தூசி படிந்திருந்தது. ஒரு தடவை முடுக்கிய திருகு அப்படி மின்னாது. யாரோ தினமும் கழற்றி மாட்டுகிறார்கள்.

"பேட்டரிய எங்கயோ தூக்கிட்டுப் போறாரு" என்றாள்.

ஜெபமணி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தாளு மேல ஒரு பேச்சு உண்டு. வேலியில கரண்டு விடுறாருன்னு. நான் கண்ணால பாத்ததில்ல" என்றார்.

பிர்தௌஸ் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கம்பியில் ஒரு யானை விழுந்தால் ஒச்சாண்டியோடு போகாது. வாக்கி டாக்கி மொத்தமும் போகும், குழுவில் இருக்கிற இருபது பேரும் ஸ்டேஷன் படி ஏறவேண்டும். அந்தக் கம்பியின் முனையில் ஒரு இன்வெர்ட்டரும் இந்தப் பேட்டரியும் இருந்தால், அதன் நெற்றியில் அவள் கடையின் ஸ்டிக்கர் இருக்கும். மனிதர்கள் விழுந்தால் என்னவென்று அவள் யோசிக்கவே விரும்பவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். நீங்க அவருக்குச் சொல்லாதீக" என்றாள். ஜெபமணி தலையாட்டியதையும் அவள் முழுசாக நம்பவில்லை. அடுத்த வாரம் என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்தாள்.

தோட்டத்து வீட்டில் ஒச்சாண்டி இல்லை. பால் ஊற்றப் போனவர் அப்படியே மாட்டுக்குச் சோளத்தட்டை அறுக்கப் போயிருந்தார். மோட்டார் ரூம் திறந்தே கிடந்தது. பேனலில் காலை வெயில் நேராக அடித்தது. பேனல் ஒயர் கண்ட்ரோலரில் மாட்டியபடியே இருந்தது. மிச்சமிருந்த இரண்டு சார்ஜர் ஸ்டாண்டும் மாட்டியபடியே இருந்தன. பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் ஒயர் இரண்டும் காற்றில் தொங்கின. மீட்டரை ஸ்டாண்டின் ஒயரில் வைத்தாள். இருபது புள்ளி ஆறு.

எரிந்த காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பேட்டரி இல்லாத நேரத்தில் பேனலின் மொத்த வேகமும் கண்ட்ரோலரைத் தாண்டி நேராக ஸ்டாண்டுக்குள் இறங்கியிருக்கிறது. பேனல் ஒயரை முதலில் பிடுங்கினாள். பிறகுதான் வெளியே வந்து மேற்குக் கரைக்கு நடந்தாள்.

கம்பியில் மீட்டரை வைத்தாள். சைபர். ஏசியில் வைத்தாள், டிசியில் வைத்தாள். சைபர். மீட்டரையே சந்தேகப்பட்டு, பையிலிருந்து ஒரு டார்ச் செல்லை எடுத்து அதில் வைத்துப் பார்த்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பகலில் சைபர் காட்டினால் என்ன அர்த்தம்? பகலில் யார் கரண்டு விடப் போகிறார்கள்?

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஒச்சாண்டியின் மனைவி முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"அவுக இல்ல. வந்தப்பறம் வாங்க" என்றாள் முத்துப்பேச்சி. கதவை மறித்த மாதிரி நிலைச்சட்டத்தில் ஒரு கையை ஊன்றியிருந்தாள்.

"பேட்டரி எங்கக்கா?"

"எனக்கென்ன தெரியும். அவுக வரட்டும்."

பிர்தௌஸுக்குச் சண்டை போட வரவில்லை. படியில் உட்கார்ந்தாள். என்ன நினைத்தாளோ, நசீமாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தையல் மேஜை எரிந்தது, ரவிக்கை எரிந்தது, முழங்கைவரை தோல் போனது, அன்றிலிருந்து ஒரு கைக்கு மட்டும் நீளமாகத் தைத்துப் போட்டுக்கொள்வது. இதுவரை கடைக்கு வந்த யாரிடமும் அவள் சொன்னதில்லை. முத்துப்பேச்சி நிலைச்சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இதுவும் அப்பிடி எரியுமா?"

"நல்ல பேட்டரிதான்க்கா. நானே பாத்துக் குடுத்தது. ஆனா வைக்கிற எடத்துல வைக்கணும்."

முத்துப்பேச்சி உள்ளே கூட்டிப்போனாள். இரும்புக் கட்டிலின் அடியில் பழைய சேலையில் சுற்றி இருந்தது பேட்டரி. சேலை ஒரு பக்கம் நழுவி, முனைகள் இரண்டும் கட்டில் சட்டத்துக்கு நான்கு விரல் தூரத்தில் பளபளத்தன. யாராவது காலால் இடித்திருந்தால் போதும். பிர்தௌஸ் அதை மெதுவாக இழுத்து வெளியே எடுத்து, முனைகளில் டேப்பைச் சுற்றினாள்.

"இது வந்ததுலேர்ந்து நான் அந்தக் கட்டில்ல படுக்கிறதில்ல. கீழதான் படுக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி. "அவுகளுக்குத்தான் இது அடியில இருந்தாத்தான் தூக்கமே வருது."

வாசலில் டிவிஎஸ் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஒச்சாண்டி தட்டைக் கட்டை இறக்காமலேயே உள்ளே வந்தார். பேட்டரியைப் பார்த்தார், பிர்தௌஸைப் பார்த்தார், அவள் கையில் இருந்த மீட்டரைப் பார்த்தார்.

"கம்பிகிட்டப் போனீகளாமே. எதுத்த தோட்டத்துக்காரன் சொன்னான். யாரைக் கேட்டுப் போனீக?"

"யாரையும் கேக்கலண்ணே."

"பாரஸ்ட்காரவுக அனுப்பிச்சாகளா?"

"நானாத்தான் வந்தேன். பேட்டரி கட்டிலுக்கு அடியில எதுக்குண்ணே?"

"வேற எங்கன வைக்கச் சொல்றீக? போன வருசம் கெணத்து மோட்டார் ஒயரை அம்பது அடி அறுத்துட்டுப் போய்ட்டாய்ங்க. மோட்டார் ரூமுக்குப் பூட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பொழுது சாயவும் கழட்டிக் கொண்டாந்துருவேன். காலையில பால் பீச்சி, பாலைச் சொசைட்டியில ஊத்திட்டு வந்து மாட்டிருவேன்."

"அட்டையில எழுதிப் போட்டுருந்தேனே. மொதல்ல பேட்டரி, அப்பறம் பேனல்னு."

"பேனலை நான் தொடவே இல்லையே. அது மாட்டுனபடிதான இருக்கு. பேட்டரிய மட்டுந்தான மாட்டுறேன்."

அவர் சொன்னதில் தவறு எதையும் பிர்தௌஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொழுது விடிந்து அவர் பால் ஊற்றிவிட்டு வருகிறவரை தினமும் ஒன்றரை மணி நேரம், பேனல் பாட்டுக்கு ஸ்டாண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரு களவாங்கப் போறாண்ணே இத?" என்று கேட்டாள்.

ஒச்சாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான சொல்லிட்டுப் போனீக."

"நானா?"

"அன்னைக்கு மாட்டி முடிச்சு ஜீப்புல ஏறயில. இந்தச் சாமானுக்குச் சந்தையில ரொம்பக் கிராக்கி, யாரையும் நம்பாதீக, கண்ணு இது மேலயே இருக்கட்டும்னு. இவளும் பக்கத்துலதான் நின்னா, கேளுங்க."

முத்துப்பேச்சி ஆமாம் என்பதுபோல நின்றாள். பிர்தௌஸுக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அவள் சொல்வது அதைத்தான். மற்றவர்கள் போயிட்டு வர்றேன் என்று சொல்கிற இடத்தில் அவள் யாரையும் நம்பாதீக என்று சொல்லிவிட்டு வருவாள். இதுவரை யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த மனிதர் ஒருவர்தான் இரண்டு மாதமாகத் தினமும் அதன்படி நடந்திருக்கிறார்.

அவள் கொஞ்ச நேரம் மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, மனதில் இருந்ததைக் கேட்டே விட்டாள். "அந்தக் கம்பியில கரண்டு விடுவீகளாண்ணே?"

முத்துப்பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒச்சாண்டி தட்டைக் கட்டை வாசலில் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"விட்டேன். மூணு வருசத்துக்கு முன்ன. பன்னி வருதுன்னு விட்டேன். எங்க செவலக் கண்ணுக்குட்டி கயித்த அத்துக்கிட்டுப் போய் விழுந்துருச்சு. நான்தான் இழுத்துப் போட்டேன். அன்னைக்கே ஒயரை அத்துட்டேன். பீங்கானப் பிடுங்க மனசு வரல, கிட்டப் போகவும் மனசு வரல." கொஞ்சம் நிறுத்தி, "நம்புனா நம்புங்க" என்றார்.

பிர்தௌஸ் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. மறுபடி மேற்குக் கரைக்குப் போனாள். ஒச்சாண்டியும் பின்னாலேயே வந்தார். முதல் தடவை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கவனிக்காமல் விட்ட ஒன்று அங்கே இருந்தது. தரையிலிருந்து ஏறிய கோவைக்கொடி, கம்பியில் பத்தடி தூரத்துக்குச் சுற்றிப் படர்ந்து, பச்சைப்பசேலென்று காய் விட்டிருந்தது. ஒரு இலைகூடக் கருகவில்லை. ஒரே ஒரு இரவு கரண்டு ஓடியிருந்தாலும் அந்தக் கொடி அப்படி இருக்காது. அவள் ஒரு இலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொய் சொல்லல" என்றாள், கொடியிடம் சொல்வதுபோல.

"அத அதுகிட்டதான் கேக்கணுமாக்கும்" என்றார் ஒச்சாண்டி. கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து பிர்தௌஸ் ஜெபமணியோடு ஜீப்பில் மறுபடி வந்தாள். இரும்புத் தகட்டில் பெட்டி செய்து, காற்றுப் போக ஓட்டை விட்டு, அதை மோட்டார் ரூம் சுவரில் போல்ட் அடித்து இறுக்கினாள். வெயில் படாத பக்கம் பார்த்துத்தான் வைத்தாள். உள்பக்கம் முழுக்க ரப்பர் ஒட்டியிருந்தாள். பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே ஒரு சுவிட்சு வைத்தாள். என்றைக்காவது பேட்டரியைத் தொடவேண்டி வந்தால் முதலில் சுவிட்சை அணைக்கவேண்டும், மாட்டி முடித்தபிறகுதான் போடவேண்டும். அதை அவரையே மூன்று முறை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எரிந்துபோன நான்கு ஸ்டாண்டுக்கும் உப்பிய பேட்டரிக்கும் பதிலாகப் புதுசு கொண்டுவந்திருந்தாள். தவறு யாருடையது என்று ஜெபமணி கேட்டதற்கு, "சுவிட்சு வைக்காம விட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னாள். கட்டில் விஷயம் குழுவில் யாருக்கும் தெரியாது.

பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைத் தன் வளையத்தில் கோர்க்கப் போனாள்.

"ரெண்டையும் குடுங்க" என்றார் ஒச்சாண்டி.

"அவசரத்துக்கு ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்ணே."

"நீங்க உத்தமபாளையத்துல இருக்கீக. அங்கனருந்து என்ன அவசரம்?"

அவள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஜெபமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். கடைசியில் இரண்டையும் ஒச்சாண்டியின் உள்ளங்கையில் வைத்தாள். உத்தமபாளையம் வரும்வரை அந்த யோசனை அவளை விடவில்லை. பூட்டை வேறு வாங்கியிருக்கலாமோ, மூன்று சாவி உள்ளதாக.

கார்த்திகையில் ஒரு நாள், பொழுது இறங்கும் நேரத்தில், ஏழெட்டு யானைகள் ஒரு குட்டியோடு ஓடை வழியாக இறங்கின. முதலில் பார்த்தது தென்கோடித் தோட்டத்துக்காரர். ஆறு செட்டும் பேசின. வாழைக்குக் காவல் போயிருந்த இரண்டு பேர் குடிசையை விட்டு வெளியேறி மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வனக்காவலர்கள் ஜீப்பில் வருவதற்குள் யானைகள் குடிசையைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் வாழையைத் தின்றுவிட்டு, வந்த வழியே போயிருந்தன. மறுநாள் ஜெபமணி போன் செய்து சொன்னபோது, பிர்தௌஸ் கேட்ட முதல் கேள்வி, கடைசியாகப் பேசிய செட்டில் எத்தனை கோடு சார்ஜ் மிச்சம் இருந்தது என்பது. மூன்று என்றார். "நீங்க பாத்தீகளா, யாரும் சொன்னாகளா?" என்று கேட்டாள். அவர் பார்த்ததுதான்.

இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவள் தோட்டத்துக்குப் போய்வருகிறாள். முன்கூட்டிச் சொல்வதில்லை. முத்துப்பேச்சி மோர் கொண்டுவந்து வைப்பாள். கட்டிலில்தான் படுக்கிறாளாம். ஒச்சாண்டி மடியிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டு, இரண்டடி தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்றுகொள்வார். பிர்தௌஸ் கழற்றி வைக்கிற நட்டுகளை எண்ணிக்கொண்டே நிற்பார். மறுபடி மாட்டும்போது அத்தனையும் உள்ளே போகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் ஒரு வாஷர் ஓரமாக உருண்டு கிடந்ததைச் சொல்லவும் செய்தார். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் அவளும் அப்படித்தான் நிற்பாள்.